தோட்டத்தில் கட்டிய ராட்சத ஏரியல்!

வானத்து ஒலியைப் பிடித்த ரேடியோ வாலிபரின் கதை

அமெரிக்காவில் ஒரு வாலிபர், தன் தாயார் வீட்டுத் தோட்டத்தில் ஏரியல் ஒன்றைக் கட்டினார்.

அது சாதாரண ஏரியல் அல்ல. அதன் அகலம் 31 அடி! பெரிய தட்டு ஒன்றை வானத்தைப் பார்த்து நிறுத்திவைத்தது போல இருந்தது.

தெருவில் போன கார்கள் நின்றன. வானத்தில் பறந்த சிறு விமானங்கள் கூட ஒரு வட்டம் அடித்து அதைப் பார்த்துவிட்டுப் போயின.

அது மழைத் தண்ணீரைப் பிடிக்கும் யந்திரம் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். மழையையே ஆட்டி வைக்கும் யந்திரம் என்றார்கள் வேறு சிலர்.

இரண்டும் இல்லை.

அந்த வாலிபர் நட்சத்திரக் கூட்டத்திலிருந்து வரும் ரேடியோ ஒலியைக் கேட்க விரும்பினார். கேட்டும் விட்டார்!

அவர் பெயர் குரோட் ரேபர். அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்ல. வான ஆராய்ச்சி நிலையம் எதிலும் வேலை பார்த்தவரும் அல்ல. ஓய்வு நேரத்தில் ரேடியோ கருவி செய்து மகிழ்ந்த ஒரு "ஹாம்". அவ்வளவுதான்.

"ஹாம்" என்றால் யார்?

பொழுதுபோக்குக்காகச் சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்திருப்பவர்களை "ஹாம்" என்று சொல்வார்கள்.

பாட்டும் செய்தியும் ஒலிபரப்புவது அவர்கள் வேலை அல்ல. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். மதுரையில் இருப்பவர் ஜப்பானில் இருப்பவரோடு பேசலாம். இடையில் தபாலும் இல்லை, டெலிபோன் கம்பியும் இல்லை.

இதற்கு அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். பரீட்சை எழுதித் தேற வேண்டும். தேறியவருக்கு ஓர் அடையாளப் பெயர் கொடுப்பார்கள். இந்திய ஹாம்களின் அடையாளப் பெயர் பெரும்பாலும் "வி.யூ." என்று தொடங்கும்.

ஆபத்துக் காலத்தில் இவர்களால் பெரிய உதவி உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, அந்தமானில் போர்ட் பிளேரில் ஒரு ஹாம் குழு முகாம் போட்டிருந்தது. டெலிபோன்கள் செயல் இழந்த நேரத்தில், அந்தக் குழுவினர்தான் ரேடியோ மூலம் செய்தி அனுப்பினார்கள்.

கம்பியின் நீளத்தில் இருக்கிறது ரகசியம்

ஹாம்களுக்கு உயிர் போன்றது ஏரியல்தான். கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஏரியல் சரியில்லை என்றால் பயன் இல்லை.

ரேடியோ அலைகள் குளத்து அலைகளைப் போன்றவை. ஓர் அலையின் உச்சிக்கும் அடுத்த அலையின் உச்சிக்கும் உள்ள தூரம்தான் அலைநீளம்.

ஏரியல் கம்பி ஏறக்குறைய அலைநீளத்தில் பாதி இருந்தால், அது அலையை நன்றாகப் பிடிக்கும். 20 மீட்டர் அலைக்கு 10 மீட்டர் கம்பி போதும். அதை நடுவில் வெட்டி, இரண்டு துண்டுகளிலிருந்தும் கருவிக்கு வயர் இழுப்பார்கள். இரண்டு மரங்களுக்கு இடையே துணி உலர்த்தும் கொடி போலக் கட்டிவிடலாம்.

உயரமாகக் கட்டினால் பொதுவாக இன்னும் தூரம் கேட்கும். அதனால்தான் ஹாம்கள் இரும்புக் கோபுரம் எழுப்புகிறார்கள்.

அலை சிறியதானால் ஏரியலும் சிறியதாகும். ஒரு காலத்தில் நம் ஊர் மொட்டை மாடிகளில் மீன் முள்ளைப் போல டி.வி. ஏரியல்கள் நின்றனவே, நினைவிருக்கிறதா? அவை ஜப்பானியரான உடா, யாகி ஆகிய இருவரும் 1926-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையில் செய்யப்பட்டவை.

ரேபரும் இப்படிக் கம்பி கட்டித்தான் தொடங்கினார்.

பள்ளிப் பருவத்தில் பிடித்த ஆசை

ரேபர் 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி பிறந்தார். வளர்ந்த ஊர் வீட்டன். அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு மேற்கே உள்ள சிறிய ஊர் அது.

அவருடைய தாயார் ஒரு ஆசிரியை. அவரிடம் படித்த மாணவர்களில் எட்வின் ஹப்பிளும் ஒருவர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற வானியல் மேதை அவர்!

ரேபருக்கு 16 வயது இருக்கும்போதே ஹாம் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. "டபிள்யூ 9 ஜி.எப்.இசட்." என்பது அவருடைய அடையாளப் பெயர்.

இரவு பகலாகக் கருவியின் முன் உட்கார்ந்தார். அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் உள்ள ஹாம்களோடு தொடர்பு கொண்டார்.

பிறகு அவருக்குச் சலித்துவிட்டது. உலகம் முழுவதும் பேசியாகிவிட்டது. இனி யாரோடு பேசுவது?

1933-ஆம் ஆண்டில் என்ஜினீயர் பட்டம் பெற்றார். சிகாகோவில் ரேடியோ கம்பெனிகளில் வேலை பார்த்தார். அந்த நாளில்தான் ஒரு விசித்திரமான செய்தி அவருக்கு எட்டியது.

உருளும் ஏரியல்

அந்தச் செய்திக்குக் காரணமானவர் கார்ல் ஜான்ஸ்கி. அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த இளைஞர்.

அட்லாண்டிக் கடலைத் தாண்டி ரேடியோ மூலம் டெலிபோன் பேசும் வசதியை அந்தக் கம்பெனி நடத்தியது. பேச்சின் நடுவே இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் ஜான்ஸ்கிக்கு இட்ட வேலை.

நியூ ஜெர்சி மாகாணத்தில் ஹோம்டெல் என்ற இடத்தில் அவர் ஓர் ஏரியல் கட்டினார். நீளம் சுமார் 100 அடி. மரச் சட்டமும் உலோகக் குழாய்களும் கொண்டது. அதைப் போர்டு காரின் நான்கு சக்கரங்கள் மீது ஏற்றினார். 20 நிமிஷத்துக்கு ஒரு முறை அது சுற்றி வந்தது. குழந்தைகள் ஏறும் ராட்டினத்தைப் போல இருந்ததால், அந்தப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

ஜான்ஸ்கி மூன்று வித இரைச்சலைக் கேட்டார். ஒன்று, அருகில் இடிக்கும் இடி. இரண்டாவது, தூரத்து இடி. மூன்றாவது என்ன என்று தெரியவில்லை. "உஸ்" என்று சன்னமாக, விடாமல் கேட்டது.

நான்கு நிமிஷம் சொன்ன உண்மை

சூரியனிலிருந்து வருகிறதோ என்று ஜான்ஸ்கி முதலில் நினைத்தார்.

சூரியன் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை அதே இடத்துக்கு வரும். ஆனால் இந்த ஒலியோ, ஒவ்வொரு நாளும் நான்கு நிமிஷம் முன்னதாக வந்தது!

நட்சத்திரங்கள்தான் அப்படி வரும். இன்று இரவு 8 மணிக்கு உதிக்கும் நட்சத்திரம், நாளை இரவு 7 மணி 56 நிமிஷத்துக்கு உதிக்கும். ஒரு மாதத்தில் இது இரண்டு மணி நேர வித்தியாசம் ஆகிவிடும்.

ஆகவே ஒலி சூரியனிலிருந்து வரவில்லை. நட்சத்திர மண்டலத்திலிருந்து வருகிறது!

பால்வீதியின் நடுப்பகுதி இருக்கும் தனுசு ராசியின் திசையிலிருந்துதான் அந்த ஒலி பலமாக வந்தது. 1933-ஆம் ஆண்டு இதை ஜான்ஸ்கி வெளியிட்டார். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன.

அதோடு சரி. கம்பெனி அவருக்கு வேறு வேலை கொடுத்தது. 1950-ஆம் ஆண்டில், 44-வது வயதில் அவர் காலமானார்.

"நானே செய்கிறேன்!"

ரேபர் ஜான்ஸ்கியின் கட்டுரைகளைப் படித்தார். அவர் மனம் துள்ளியது. பூமியில் எல்லா நாட்டோடும் பேசியாகிவிட்டது. இதோ, வானமே பேசுகிறதே!

பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர முயன்றார். அது பொருளாதார மந்தம் நிலவிய காலம். வேலை கிடைக்கவில்லை. வான ஆராய்ச்சி நிலையங்களும் இந்த விஷயத்தில் அக்கறை காட்டவில்லை. வானியலாருக்கு ரேடியோ தெரியாது. ரேடியோ என்ஜினீயர்களுக்கு வானியல் தெரியாது.

யாரும் செய்யவில்லை என்றால், தானே செய்துவிடுவது என்று ரேபர் முடிவு கட்டினார். அப்போது அவருக்கு வயது 25.

தட்டு எதற்கு?

ஜான்ஸ்கியின் ஏரியல் ஒரே ஓர் அலைநீளத்துக்குத்தான் பயன்படும். வேறு அலையைக் கேட்க வேண்டும் என்றால், முழு ஏரியலையும் பிரித்துக் கட்ட வேண்டும்.

ரேபர் வேறு வழி கண்டார்.

டார்ச் விளக்கின் உள்ளே குழிந்த தகடு இருக்கிறது. பல்பின் வெளிச்சத்தை அது நேராக ஒரே திசையில் அனுப்புகிறது. அதையே திருப்பிப் பாருங்கள். தூரத்திலிருந்து நேராக வரும் வெளிச்சத்தை, அந்தத் தகடு ஒரே புள்ளியில் குவிக்கும்.

ரேடியோ அலையும் அப்படித்தான். குழிந்த பெரிய தட்டில் விழும் அலைகள் எல்லாம் ஒரு புள்ளியில் வந்து சேரும். அந்த இடத்தில் சிறிய ஏரியலை வைத்தால் போதும். அலையை மாற்ற வேண்டுமா? சிறிய ஏரியலையும் கருவியையும் மட்டும் மாற்றினால் போதும். தட்டைத் தொடவே வேண்டாம்.

இந்த யோசனைதான் பிற்பாடு அவரைக் காப்பாற்றியது.

இன்று நம் வீட்டு மொட்டை மாடியில் டி.வி.க்காக வைத்திருக்கும் "டிஷ்" வேலை செய்வதும் இதே முறையில்தான்.

நான்கு மாத உழைப்பு

தட்டைக் கட்டித் தர ஒரு கம்பெனியிடம் விலை கேட்டார். அவர்கள் சொன்ன தொகை அவர் சக்திக்கு மீறியது.

இரும்புக்குப் பதில் மரம் போதும் என்று தீர்மானித்தார். 1937-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வேலையைத் தொடங்கினார். செப்டம்பரில் முடித்தார். பெரும்பகுதி வேலையைத் தன் கையாலேயே செய்தார். செலவும் அவருடைய சொந்தப் பணம்தான்.

குடைக்குக் கம்பிகள் இருப்பது போல, 72 மரச் சட்டங்களை நடுவிலிருந்து சுற்றிலும் பொருத்தினார். அவற்றின் மேல் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளை அடித்தார். தட்டின் நடுவிலிருந்து 20 அடி உயரத்தில் அலைகள் குவியும் இடம். அங்கே ஓர் உலோக டிரம்மை நிறுத்தினார். சிறிய ஏரியல் அதற்குள்ளே இருந்தது.

தட்டை மேலும் கீழும் சாய்க்க வேண்டுமே? அதற்குப் பழைய போர்டு லாரியின் பல்சக்கரங்களைப் பயன்படுத்திக்கொண்டார்!

இடமும் வலமும் திருப்ப வழி இல்லை. அது தேவையும் இல்லை. பூமிதான் நாள்தோறும் சுற்றுகிறதே! தட்டை ஓர் உயரத்தில் நிறுத்திவிட்டால், பூமி சுற்றச் சுற்ற வானம் அதன் முன்னே ஊர்வலம் போகும். மறுநாள் சற்றுச் சாய்த்தால் வானத்தின் அடுத்த பகுதி தெரியும்.

வானத்தை ஆராயவென்றே கட்டப்பட்ட முதல் தட்டு ஏரியல் இதுதான்.

துணி உலர்த்திய தாயார்!

அக்கம் பக்கத்துக்கு அது பெரிய வேடிக்கை ஆகிவிட்டது.

காலையில் வெயில் பட்டதும் தகடுகள் விரியும். "படபட" என்று சத்தம் வரும். மாலையில் வெயில் தாழ்ந்ததும் சுருங்கும். மறுபடியும் சத்தம்!

தட்டை மேல்நோக்கி வைத்திருக்கும்போது மழை பெய்தால், தண்ணீர் எல்லாம் நடுவில் உள்ள துவாரத்தின் வழியாக அருவி போலக் கொட்டும். மழையைப் பற்றிய வதந்தி கிளம்பியது இதனால்தான்.

தெருப் பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். மரச் சட்டங்களில் ஏறி விளையாடினார்கள். ரேபரின் தாயார் அதில் துணி உலர்த்தியதாகவும் சொல்வார்கள்.

முதல் தோல்வி, இரண்டாவது தோல்வி

இனிமேல்தான் உண்மையான சோதனை.

சூடான பொருள்களிலிருந்து ரேடியோ அலையும் வரும். அலை சிறியதாக ஆக, அதன் பலம் கூடும் என்பது விஞ்ஞான விதி. ஆகவே சிறிய அலையில் தேடினால் ஒலி பலமாகக் கேட்கும் என்று ரேபர் கணக்குப் போட்டார்.

9 சென்டிமீட்டர் அலைக்குக் கருவி செய்தார். அந்த நாளில் அவ்வளவு சிறிய அலைக்குக் கருவி செய்வதே பெரிய காரியம். தட்டைப் பால்வீதியின் பக்கம் வைத்துப் பார்த்தார். சூரியன், சந்திரன், கிரகங்களின் பக்கமும் வைத்துப் பார்த்தார்.

ஒன்றும் கேட்கவில்லை.

கருவியைக் கழற்றினார். 33 சென்டிமீட்டர் அலைக்கு வேறு கருவி செய்தார். முன்னைவிட நுட்பமான கருவி. மறுபடியும் தேடினார்.

அப்போதும் ஒன்றும் இல்லை!

போட்ட பணம் போனதுதான். உழைத்த உழைப்பும் வீண். வேறு யாராக இருந்தாலும் தட்டைப் பிரித்து விறகுக்குப் போட்டிருப்பார்கள்.

ரேபர் தோல்வியையே ஒரு விடையாக எடுத்துக்கொண்டார். சூட்டினால் வரும் ஒலியாக இருந்தால், சிறிய அலையில் கட்டாயம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆகவே இது சூட்டினால் வரும் ஒலி அல்ல. வேறு ஏதோ ஒன்று!

சிறிய அலையில் இல்லை என்றால், பெரிய அலையில் இருக்கலாம் அல்லவா? 1.87 மீட்டர் அலைக்கு மூன்றாவது கருவி செய்தார். இந்த மூன்று சோதனைகளும் 1938, 1939 ஆகிய ஆண்டுகளில் நடந்தன.

இந்த முறை முள் அசைந்தது!

பால்வீதி தட்டுக்கு நேராக வரும்போது முள் மெல்ல ஏறியது. பால்வீதி விலகியதும் இறங்கியது. ஜான்ஸ்கி சொன்னது உண்மைதான்.

நடுநிசி வேலை

கருவி மிகவும் நுட்பமானது. அதனால் புதிய தொல்லை ஒன்று வந்தது. தெருவில் போகும் கார்களின் என்ஜினில் மின்பொறி தெறிக்கிறது அல்லவா? ஒவ்வொரு பொறியும் ரேடியோ இரைச்சல் கிளப்பும். பகலில் கார்கள் அதிகம். வானத்தின் மெல்லிய ஒலி அதில் அமுங்கிப் போயிற்று.

ஆகவே ரேபர் இரவில் வேலை செய்தார்.

பகலில் சிகாகோவில் உத்தியோகம். மாலையில் வீடு. சாப்பிட்டதும் தூக்கம். நள்ளிரவில் எழுந்து கருவியின் முன் உட்காருவார். நிமிஷத்துக்கு ஒரு முறை முள் காட்டும் எண்ணைப் பார்த்துக் காகிதத்தில் எழுதுவார். விடியும் வரை இதே வேலை. காலையில் மறுபடியும் உத்தியோகம்!

இப்படி எத்தனையோ இரவுகள். பின்னால், தானாகவே கோடு போட்டுக் குறிக்கும் கருவி ஒன்றை வாங்கிய பிறகுதான் இந்தச் சிரமம் குறைந்தது.

விஞ்ஞானிகள் வந்தார்கள்

தான் கண்டதை ரேபர் கட்டுரையாக எழுதி, வானியல் பத்திரிகைக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் ஓட்டோ ஸ்துரூவ, யெர்க்ஸ் வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர்.

எழுதியவர் வானியல் படித்தவர் அல்ல. விஷயமோ யாருக்கும் பழக்கம் இல்லாதது. போடுவதா, வேண்டாமா? யெர்க்ஸ் விஞ்ஞானிகள் சிலர் வீட்டன் ஊருக்கே போய்த் தட்டையும் கருவியையும் பார்த்தார்கள். ஏமாற்று வேலை அல்ல என்று தெரிந்தது. 1940-ஆம் ஆண்டு கட்டுரை வெளிவந்தது.

அந்த நாளில் யெர்க்ஸ் நிலையத்தில் வேலை பார்த்த விஞ்ஞானிகளில் ஒருவர் தமிழர். 1983-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்தான் அவர்.

வானத்துக்கு ஒரு படம்

ரேபர் அதோடு நிற்கவில்லை. எந்தத் திசையில் ஒலி எவ்வளவு பலம் என்று வானம் முழுவதையும் அளக்கத் தொடங்கினார். மலையின் உயரத்தைப் பூகோளப் படத்தில் கோடுகளால் காட்டுவார்கள். அதே போல ஒலியின் பலத்தைக் கோடுகளால் காட்டினார். 1944-ஆம் ஆண்டில் அந்தப் படம் வெளிவந்தது. வானத்தின் முதல் ரேடியோ படம் அதுதான்!

அவருடைய தட்டின் பார்வை கூர்மையானது அல்ல. 12 டிகிரி அகலம். பூரண சந்திரன்கள் 24-ஐ வரிசையாக வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. மங்கிய கண்ணால் பார்ப்பது போலத்தான்.

அந்த மங்கிய கண்ணுக்கும் பல விஷயங்கள் தெரிந்தன. தனுசு ராசியின் பக்கம் ஒலி மிகவும் பலம். அன்னம் போலத் தோன்றும் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கமும், காசியோப்பியா என்ற கூட்டத்தின் பக்கமும் தனித் தனியே பலமான ஒலி வந்தது.

அந்த இடங்களில் என்ன இருக்கிறது என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். அன்னத்தின் திசையில், கோடிக்கணக்கான ஒளி ஆண்டுகளுக்கு அப்பால் உள்ள வேறு ஒரு நட்சத்திர மண்டலம் பலமான அலைகளை அனுப்புகிறது. காசியோப்பியாவின் பக்கம் இருப்பது, வெடித்துச் சிதறிய நட்சத்திரம் ஒன்றின் மிச்சம்.

சூரியனின் ரேடியோ ஒலியையும் ரேபர் 1943-ஆம் ஆண்டில் பிடித்தார்.

ஒலி சூட்டினால் வரவில்லை என்று அவர் நினைத்ததும் சரியாகவே போயிற்று. ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் எலெக்ட்ரான்கள், வானத்துக் காந்த மண்டலத்தில் சுழலும்போது இந்த அலைகள் பிறக்கின்றன. இது 1950-க்குப் பிறகு தெளிவாயிற்று.

சண்டைக்குப் பிறகு

இரண்டாவது உலக யுத்தம் முடியும் வரை, இந்தத் துறையில் விடாமல் உழைத்தவர் உலகத்திலேயே ரேபர் ஒருவர்தான்.

அவருடைய கட்டுரை ஹாலந்து நாட்டுக்கும் போயிற்று. ஜெர்மானியர் பிடியில் ஹாலந்து இருந்த நேரம் அது. அங்கே ஊர்ட் என்ற வானியல் மேதை அதைப் படித்தார். வான் டி ஹுல்ஸ்ட் என்ற மாணவரிடம் ஒரு கேள்வி கேட்டார். வானத்தில் நிறைந்துள்ள ஹைட்ரஜன் வாயு ரேடியோ அலை அனுப்புமா? 21 சென்டிமீட்டரில் அனுப்பும் என்று அவர் 1944-ஆம் ஆண்டில் கணக்கிட்டுச் சொன்னார். 1951-ஆம் ஆண்டில் அந்த அலை கிடைத்தது!

யுத்தம் முடிந்ததும் பல நாடுகளில் பெரிய பெரிய தட்டுகள் எழுந்தன.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு ஏரியல் உண்டு. உதகமண்டலத்துக்குப் பக்கத்தில், முத்தோரை என்ற இடத்தில் மலைச் சரிவில் இருக்கிறது. நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியின் தலைமையில் கட்டப்பட்டு, 1970-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. அது நிற்கும் சரிவு, அந்த ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை டிகிரியில் இருக்கிறதோ அத்தனை டிகிரி சாய்ந்த சரிவு. அதனால் ஏரியலை ஒரே அச்சில் திருப்பினாலே, நகரும் நட்சத்திரத்தைப் பல மணி நேரம் தொடர்ந்து பார்க்கலாம். ரேபர் பூமியின் சுழற்சியைத் தமக்கு வேலை செய்ய வைத்தாரே, அதைப் போன்ற ஒரு யுக்தி!

ஆடு மேயும் வயலில்

ரேபர் மட்டும் கூட்டத்தோடு சேரவில்லை. மற்றவர்கள் சிறிய அலைகளைத் தேடிப் போனபோது, அவர் பெரிய அலைகளின் பக்கம் திரும்பினார்.

1951-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளுக்குப் போய், ஹாலேயகலா மலையின் உச்சியில் ஏரியல் கட்டினார். 1954-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவுக்குப் போனார். நீளமான அலைகளைப் பூமியின் மேல் வானம் தடுத்துவிடும். டாஸ்மேனியாவின் குளிர்கால இரவுகளில் அந்தத் தடை குறையும் என்பது அவர் எண்ணம்.

போத்வெல் என்ற ஊரில், ஆடுகள் மேயும் வயலில் உயரமான கம்பங்களை நட்டார். 192 கம்பி ஏரியல்களைக் கட்டினார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம்! 144 மீட்டர் அலையைப் பிடிக்க அத்தனை பெரிய ஏரியல் வேண்டியிருந்தது. கீழே ஆடுகள் மேய்ந்தன. மேலே கம்பிகள் வானத்தைக் கேட்டன.

அவருக்கு எதையும் தானே சோதித்துப் பார்க்க வேண்டும். அவரைக் கொடி எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றி ஏறுகிறதே, மறுபக்கமாகச் சுற்றிவிட்டால் என்ன ஆகும் என்று கூட ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதினார்!

2002-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ந்தேதி ரேபர் டாஸ்மேனியாவில் காலமானார். இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் 91 வயது முடிந்திருக்கும். அவருடைய அஸ்தி போத்வெல் ஊரிலும், உலகின் பல ரேடியோ வான ஆராய்ச்சி நிலையங்களிலும் வைக்கப்பட்டிருக்கிறது.

ஏரியல் கட்டுவோர் கவனிக்க!

ரேபரைப் போல வீட்டில் ஏரியல் கட்ட ஆசைப்படும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் மறக்கக் கூடாத விஷயங்கள் சில:

மின்சாரக் கம்பிக்குப் பக்கத்தில் ஏரியல் கட்டக் கூடாது. கோபுரம் சாய்ந்து விழுந்தாலும், மின்சாரக் கம்பியைத் தொடாத தூரத்தில் அது இருக்க வேண்டும்.

இரும்புக் கோபுரத்துக்கு எர்த் கம்பி அவசியம். இடி மின்னலின்போது ஏரியலைத் தொடக் கூடாது.

உயரத்தில் ஏறுகிறவர் இடுப்புப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். தனியாக ஏறக் கூடாது.

ரேடியோ கேட்க லைசென்ஸ் தேவை இல்லை. ஹாம் நிலையம் வைத்துப் பேசுவதற்கு லைசென்ஸ் கட்டாயம் வேண்டும்.

இன்றும் நிற்கிறது

வீட்டன் ஊர்த் தோட்டத்தில் இருந்த தட்டு இப்போது அங்கே இல்லை. 1947-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் அதை வர்ஜீனியா மாகாணத்துக்கு எடுத்துப் போனார்கள். பிறகு அது மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பாங்க் என்ற இடத்துக்குப் போனது. அங்கே உள்ள வான ஆராய்ச்சி நிலையத்தில், ரேபரே முன்னின்று அதைத் திரும்பவும் பூட்டிக் கொடுத்தார்.

உலகிலேயே மிகப் பெரிய நகரும் தட்டுகளில் ஒன்று அதே நிலையத்தில் இருக்கிறது. அதன் அகலம் 100 மீட்டர். அதைப் பார்க்க வருகிறவர்கள், ரேபரின் மரச் சட்டத் தட்டையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அமெரிக்க வானொலி வானியல் நிலையத்தைச் சேர்ந்த ஹாம் சங்கத்தார் தங்கள் நிலையத்துக்கு ஓர் அடையாளப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

"டபிள்யூ 9 ஜி.எப்.இசட்." என்பதே அந்தப் பெயர்!